வான்கோவின் சூரியகாந்தியைப் பார்த்து வரையலாம், வாங்க: முதன்முறை எண்ணெய் வண்ணம் தொடுபவர்களுக்கு

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்கு அருகே சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆரியங்காவு வழியாக மலை இறங்கி வரும் கேரள வண்டிகள் சாலையோரம் வரிசையாக நிற்கும். செங்கோட்டைக்காரியான எனக்கு அந்த வயல்தான் மஞ்சளைக் கற்றுக்கொடுத்த இடம். வான்கோவின் சூரியகாந்திப் படத்தை நான் முதலில் வரைந்தபோது ஒரே டியூப் மஞ்சளில் எல்லாவற்றையும் முடித்தேன். பூ, சுவர், மேசை மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. மஞ்சளுக்கு முன்னால் மஞ்சளை வைத்து, இரண்டையும் தனித்தனியாகத் தெரியவைப்பதுதான் அந்தப் படத்தின் வித்தை. அதனால் இந்தப் பாடத்தில் பாதி, வண்ணம் கலப்பதைப் பற்றித்தான்.

எந்தப் படம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1888 ஆகஸ்டில், தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரில், ஓவிய நண்பர் கோகேன் வந்து தங்கப்போகும் வீட்டை அலங்கரிக்க வான்கோ இந்தப் பூக்களை வரைந்தார். பூ சீக்கிரம் வாடிவிடும் என்று விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்குவாராம். நாம் எடுத்துக்கொள்வது லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, மஞ்சள் பின்னணியில் 15 பூக்கள் இருக்கும் படம். நீலப்பச்சைப் பின்னணி உள்ளது மியூனிக்கில் இருக்கிறது. லண்டன் படத்தைப் பார்த்து 1889 ஜனவரியில் வான்கோவே இன்னொன்று வரைந்தார், அது இப்போது ஆம்ஸ்டர்டாமில். பார்த்து வரைவதை மட்டமாக நினைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

<b>வாங்க வேண்டியவை</b>

லெமன் எல்லோ, கேட்மியம் எல்லோ, எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), சாப் கிரீன் (இலைப்பச்சை), அல்ட்ராமரின் நீலம், டைட்டானியம் வெள்ளை. ஏழே டியூப் போதும். வெள்ளை மட்டும் பெரிய டியூபாக இருக்கட்டும். பன்றி முடியில் செய்த தட்டை பிரஷ் இரண்டு, உருண்டை பிரஷ் ஒன்று, வண்ணத்தைக் கரைக்க டர்பன்டைன், ஆளிவிதை எண்ணெய், பிரைமர் என்ற அடிப்பூச்சு பூசிய கேன்வாஸ். அசல் படம் ஏறத்தாழ 92க்கு 73 செ.மீ. நீங்கள் 45க்கு 36 செ.மீ. எடுத்துக்கொண்டால் பார்த்து வரைய உதவும் கட்டங்கள், 9 செ.மீ. சதுரங்களாகச் சரியாக 20 வரும். ஓரத்தில் ஒரு துளி வெட்டுப்படும், பரவாயில்லை.

<b>மஞ்சளைப் பிரிப்பது</b>

கேன்வாஸைத் தொடுவதற்கு முன் ஒரு தடித்த அட்டையில் ஆறு மஞ்சள் கலந்து வரிசையாகப் பூசுங்கள். சுவருக்கு வெள்ளையும் லெமன் எல்லோவும், கூடவே ஆக்கர் ஒரு பொட்டு. மேசைக்கு ஆக்கரும் கேட்மியமும். இதழுக்கு வெறும் கேட்மியம். அதன் நிழலுக்குக் கேட்மியத்தோடு கொஞ்சம் சியன்னா. பூவின் நடுவுக்கு ஆக்கரும் சியன்னாவும். வாடிய பூவுக்கு ஆக்கரும் பச்சையும். நிழல் வேண்டும் என்று கறுப்பைச் சேர்த்துவிடாதீர்கள், மஞ்சள் பாசி நிறத்துக்குப் போய்விடும்.

பூசியதைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். சுவரும் மேசையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கலவை தவறு, மறுபடியும் கலக்க வேண்டியதுதான். எனக்கு இதற்கே ஒரு மாலைப்பொழுது போனது. ஆனால் அதற்குப் பிறகு பிரஷ் எங்கேயும் தயங்கவில்லை.

<b>வரைவது</b>

கட்டம் போட்டபின் பென்சிலால் அழுத்தி வரைய வேண்டாம், கரி வெளிர் மஞ்சளை அழுக்காக்கும். ஆக்கரை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து, பிரஷாலேயே ஜாடியையும் பூக்களின் வட்டங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே தண்ணீர்ப் பதத்தில் எல்லா இடத்தையும் ஒருமுறை மெல்லிசாக மூடி, காயவிடுங்கள். அடிப்பூச்சில் ஆளிவிதை எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம். இந்த வரிசையை மாற்றினால் மேல்பூச்சு முதலில் இறுகி, பின்னால் வெடிக்கும்.

சுவரை, பாய் முடைந்த மாதிரி, குறுக்கும் நெடுக்குமாகக் குட்டிக் குட்டி வீச்சுகளாகப் போடுங்கள். வழவழவென்று தேய்த்துவிட்டால் படம் செத்துவிடும். ஜாடியில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. வெளிர் சுவருக்கு முன்னால் நிற்கும் மேல்பாதி அடர் மஞ்சள், அடர்ந்த மேசைமேல் நிற்கும் கீழ்பாதி வெளிர் மஞ்சள். இதை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டால் ஜாடி தானாக முன்னுக்கு வந்துவிடும்.

அப்புறம் பூக்கள். முடிந்தால் ஒரு நிஜப் பூவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் (வயல்காரரிடம் கேட்டுத்தான் பறிக்க வேண்டும்). நடுத்தட்டில் இருக்கும் சின்னப் பூக்கள் விளிம்பிலிருந்து உள்ளே பார்த்து மலரும். அதனால் விளிம்பில் மகரந்தம் படிந்த பொன்னிற வளையம், அதற்குள் பழுப்பு, நடுவில் இன்னும் விரியாத பச்சை. இந்த மூன்றையும் உருண்டை பிரஷின் நுனியால் குத்திக் குத்தி வையுங்கள். இதழ் ஒவ்வொன்றும் ஒரே வீச்சு. பிரஷ் நிறைய வண்ணம் எடுத்து, பூவின் நடுத்தட்டு ஓரத்தில் அழுத்தி, வெளியே இழுத்து, சட்டென்று தூக்குங்கள். நுனி தானே கூராக வரும், ஓரத்தில் வண்ணம் வரப்பு மாதிரி மேடாக நிற்கும். பிடிக்கவில்லையா? திரும்பத் தேய்க்காமல் கத்தியால் வழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். படத்தில் எல்லாப் பூவுக்கும் இப்படி இதழ் இருக்காது. உருண்டையாக, கம்பளிப் பந்து போல இருப்பவை அடுக்குச் சூரியகாந்திகள். அவற்றைச் சின்னச் சின்ன வீச்சுகளால் நிரப்ப வேண்டும்.

கடைசியாக மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஓடும் மெல்லிய நீலக் கோடு. அவ்வளவு மஞ்சளையும் அந்த ஒரு நீலம் கட்டி நிறுத்துகிறது.

<b>காய்வது, கையெழுத்து</b>

எண்ணெய் வண்ணம் தண்ணீர் வற்றுவது போலக் காய்வதில்லை, காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து இறுகுகிறது. நம் ஊர்ச் சாரல் ஈரத்தில் இன்னும் மெதுவாகும். தடித்த இதழ்களுக்குப் பல வாரம் கொடுங்கள், வார்னிஷை ஆறு மாதமாவது கழித்துப் பூசுங்கள். மழை என்று சன்னலை அடைத்துக்கொண்டு டர்பன்டைனைத் திறக்காதீர்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்து. உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

அசலில் ஜாடிமேல் ‘வின்சென்ட்’ என்று கையெழுத்து இருக்கும். அதை மட்டும் வரையாதீர்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பிரதி எடுப்பவர்களுக்கும் இதே விதிதான்: கையெழுத்தைப் போடக்கூடாது, அளவும் அசலின் அளவாக இருக்கக்கூடாது. கேன்வாஸின் பின்பக்கம் ‘வான்கோவைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி, உங்கள் பெயர், ஊர், தேதி போட்டு, தூசி படாத சுவரில் சாய்த்து வையுங்கள்.