ஒரு வட்டாரத்தின் இயற்கை வள வரைபடத்தை வரையும் முறை

என் மகளின் நான்காம் வகுப்புப் பாடத்துக்காக, ஒரு வட்டாரத்தின் வளங்களையும் குடியிருப்புகளையும் ஒரே தாளில் காட்டும் வரைபடம் வரையப்போய், இரண்டு தாள்களை வீணாக்கிய பிறகே வழி பிடிபட்டது.

படி 1: 1:50,000 அளவையில் அச்சிட்ட, சம உயரக்கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள நிலவரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. கணினியில் வரைய க்யூஜிஐஎஸ் போன்ற மென்பொருள்கள் உண்டு என்றாலும், தொடக்கநிலையில் டிரேசிங் தாளும் கூரான பென்சிலுமே போதும் என்பது என் உறுதியான கருத்து.

படி 2: நிர்வாக எல்லையை விட்டுவிட்டு, ஆற்றின் நீர்ப்பிரிமேட்டையே (மழைநீர் எந்த ஆற்றுப் பக்கம் ஓடும் என்று பிரிக்கும் மேட்டையே) வட்டாரத்தின் எல்லையாக வரையுங்கள். சம உயரக்கோடு ஓரிடத்தில் அம்புமுனைபோல் வளைந்து, முனை உயரமான பக்கத்தைக் காட்டினால் அது பள்ளத்தாக்கு. தாழ்ந்த பக்கத்தைக் காட்டினால் அது மலைமுகடு. முகடுகளைத் தொடர்ந்து இணைத்துக்கொண்டே போனால் எல்லை கிடைத்துவிடும்.

படி 3: நான் சறுக்கிய இடம் இதுதான். படம் சிறியதாக இருக்கிறதே என்று நகலெடுக்கும் இயந்திரத்தில் 200 விழுக்காட்டுக்கு, அதாவது நீளம் இரு மடங்காகும்படி, பெரிதாக்கினேன். ஆனால், ஓரத்தில் அச்சிட்டிருந்த 1:50,000 என்ற எண் நகலிலும் அப்படியே இருந்ததால் அதையே நம்பிவிட்டேன். நகலில் 8 செ.மீ. நீண்ட ஓடையை 4 கி.மீ. என்று எழுதினேன், உண்மையில் அது 2 கி.மீ. தான். பரப்பில் பிழை இன்னும் பெரிது: 4 செ.மீ. பக்கமுள்ள சதுரமாகத் தெரிந்த காட்டை 4 சதுர கி.மீ. என்று குறித்தேன், அதன் உண்மைப் பரப்போ 1 சதுர கி.மீ. மட்டுமே. ஏ4 தாளை ஏ3 ஆக்கினால்கூட நீளம் ஏறத்தாழ 1.41 மடங்காகவும் பரப்பு இரு மடங்காகவும் பெருகிவிடும். எனவே விகித எண்ணை நம்பாமல், படத்தின் அடியிலுள்ள கோட்டு அளவையையும் (தரைத் தூரத்தைக் கோடாக வரைந்து காட்டும் அளவுகோலையும்) சேர்த்து நகலெடுத்து, அதை வைத்தே அளந்துகொள்ளுங்கள். படம் எவ்வளவு பெருத்தாலும் அந்தக் கோடும் அதே அளவுக்குப் பெருக்கும்.

படி 4: நீர், மண், காடு, கனிமம் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிறம் கொடுங்கள். புதுப்பிக்கத்தக்க வளம் எது என்று குறிக்கும்போது நிலத்தடி நீரில் சற்று நிதானம் தேவை. எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நாடுகளின் அடியில் பரந்திருக்கும் நூபிய மணற்கல் நீர்த்தேக்கத்திலுள்ள நீரின் பெரும்பகுதி, சகாரா ஈரமாக இருந்த பழங்காலத்தில் பெய்த மழைநீர். இன்று எடுப்பதை ஈடுசெய்யும் அளவுக்கு அங்கே மழை இல்லாததால், அதை நிலக்கரியைப் போல் புதுப்பிக்க இயலாத வளங்களின் பக்கத்தில்தான் வைக்க வேண்டும்.

படி 5: குடியிருப்புகளைக் கடைசியில் குறியுங்கள். முதலிலேயே குறித்துவிட்டால் கண் ஊர்ப்பெயர்களையே சுற்றிவருகிறது. கடைசியில் வைத்தால், வீடுகள் ஆற்றங்கரையை ஒட்டாமல் வெள்ளம் எட்டாத சற்று உயர்ந்த திட்டில் வரிசையாக நிற்பது தானே புலப்படும்.

பின்சேர்க்கை: கைபேசித் திரையில் படத்தைப் பார்த்து அளக்கலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். விரலால் பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் படி 3இல் சொன்ன சிக்கலே திரும்ப வருவதால், திரையிலும் கோட்டு அளவையை மட்டுமே பாருங்கள். அதுவும் படத்தோடு சேர்ந்து நீள்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.