கூறைக்குச் சட்டைத்துணி பொருத்தும்போது வெளிச்சத்தைப் பார்க்கும் முறை

கொழும்பு வெள்ளவத்தைக் கடையொன்றில் கூறைச் சேலையோடு அச்சாகப் பொருந்திய சட்டைத்துணி, வீட்டு முற்றத்தில் விரித்ததும் வேறொரு சிவப்பாகத் தெரிவதுண்டு. கடைக்காரரை நோவதில் பயனில்லை. சாயம் தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சி மீதியைத் திருப்பி அனுப்புகிறது. விழித்திரையில் நிறத்தை உணரும் மூவகைக் கூம்புக் கலங்கள் அந்த மீதியால்தான் தூண்டப்படுகின்றன. பட்டில் ஏறிய சாயமும் பருத்தியில் ஏறிய சாயமும் வெவ்வேறாக இருந்தாலும், ஒரு விளக்கின் கீழ் அக்கலங்களை ஒரே அளவில் தூண்டினால் நிறம் ஒன்றாகவே தெரியும். விளக்கு மாறினால் அந்த ஒற்றுமை குலைந்துவிடும்.

ஆகவே இரு துணிகளையும் இடைவெளியின்றி ஒட்டிப் பிடித்து, முதலில் கடை வாசலில் நிழல் விழும் இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். நேர்வெயிலில் பட்டின் பளபளப்பே நிறத்தை மறைத்துவிடும். மாலையில் கடற்பக்கமிருந்து சாய்ந்து வரும் வெயில் எல்லாச் சிவப்பையும் அழகாக்கிக் காட்டுமாதலால், நண்பகலை ஒட்டிய நேரமே நம்பத்தக்கது. அடுத்து, அணியப்போகும் மண்டபத்தின் வெளிச்சத்தை நினையுங்கள். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அலகில் பகலொளிக்கான நியம அளவு 6500. மஞ்சள் வெளிச்சம் தரும் மின்குமிழ்களின் பெட்டியில் 2700 அல்லது 3000 என்றிருக்கும். அந்த வெளிச்சம் சிவப்பையும் சரிகையையும் தூக்கிக் காட்டி, நீலத்தையும் ஊதாவையும் மங்கச் செய்யும். இரண்டிலும் ஒத்து நிற்கும் துணியையே வெட்டச் சொல்லுங்கள்.

துணியைக் கிடத்தும் இடமும் முக்கியமானது. பாரிசின் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்புச் சாயம் சோபிக்கவில்லை என்ற முறைப்பாட்டை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, அருகில் நெய்யப்பட்ட நீலத்திலும் ஊதாவிலும் இருக்கிறது என்று கண்டார். அந்த ஆய்வை 1839இல் வெளியிட்டார். பச்சைச் சேலைக் குவியலின்மேல் வைத்த சிவப்பு கூடுதலாகச் சிவப்பதும் இதனால்தான். வெறும் சாம்பல் அல்லது வெள்ளைப் பரப்பில் வைத்துப் பாருங்கள். பத்துச் சிவப்புச் சேலைகளைப் புரட்டிய கண் அந்த நிறத்துக்குச் சோர்ந்திருக்கும். சிறிது நேரம் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

நீளவாட்டு இழையான பாவும் குறுக்கிழையான ஊடும் வெவ்வேறு நிறமான பட்டுத்துணியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். கைபேசிப் படம் எடுத்து உறவினருக்கு அனுப்பி முடிவு கேட்பது வீண்வேலை; கமரா வெளிச்சத்துக்கேற்ப நிறங்களைத் தானாகவே திருத்திவிடும்.

மாப்பிள்ளையின் வேட்டிக்கும் வாசல் வெளிச்சம் வேண்டும். துணியை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் வெளுப்பூட்டிகள் பகலொளியின் புறஊதாக் கதிர்களை வாங்கி நீலமாக உமிழ்வதால், எல்ஈடி விளக்கின் கீழ் ஒரே வெள்ளையாகத் தோன்றிய வேட்டியும் சால்வையும் வெளியே வந்ததும் இரண்டு வெள்ளையாகப் பிரியக்கூடும்.