ஓஹிப் காட்டோடு கண் பார்க்கப் போக முதல்

போன வருசம் அப்பாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய், நூற்றிருபது டொலர் கட்டிவிட்டு வந்தேன். எட்டு மாதம் பொறுத்திருந்தால் ஒரு சதமும் கட்டியிருக்கத் தேவையில்லை, ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பே கட்டியிருக்கும்.

அப்பாவுக்கு 73 வயது. சலரோகம் (சீனி வருத்தம்) இல்லை, கண்ணிலும் வருத்தம் இல்லை. அதற்குப் பத்து மாதத்துக்கு முதல், மோலுக்குள் இருக்கிற ஒரு கண்ணாடிக் கடையில் ஹெல்த் காட்டை, அதுதான் ஓஹிப் காட்டை, கொடுத்துக் கண்ணைச் சோதித்திருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை. அது தெரியாமல் நான் அவரை எங்களுடைய வழக்கமான ஒப்டோமெட்ரிஸ்ட்டிடம் (கண் பரிசோதிக்கிறவரிடம்) கொண்டு போய்விட்டேன். எல்லாம் முடிந்து ஜக்கெற் போடும்போதுதான் வரவேற்பில் இருந்த பிள்ளை, "அண்ணா, இதுக்கு ஓஹிப் குடுக்காது. ஐயா வேற இடத்தில செய்திட்டார்" என்றது. உள்ளே கூப்பிட முதல் சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்கு அதுதான்: ஓஹிப் ஆளைத்தான் எண்ணும், கடையை எண்ணாது.

ஆகவே ஒன்ராறியோவில் இருக்கிறவர்கள் முதலில் வயதைப் பாருங்கள். 19 வயது வரைக்கும் 12 மாதத்துக்கு ஒரு முழுப் பரிசோதனை இலவசம். 20இலிருந்து 64 வரை சும்மா போனால் ஒன்றும் இல்லை. 2004இல் அதை நிறுத்திவிட்டார்கள். 65இலிருந்து 18 மாதத்துக்கு ஒன்று. எங்களுடைய பெரியாட்கள் இன்னும் "வருசத்துக்கு ஒருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது 2023 செப்டெம்பர் 1 வரைக்கும் சரி. இப்போது, சலரோகம், குளுக்கோமா (கண் அழுத்த நோய்) மாதிரிப் பட்டியலில் உள்ள வருத்தம் இருந்தால்தான் 65க்கு மேலும் 12 மாதக் கணக்கு. முழுப் பரிசோதனைக்கு இடையில் ஏதும் பிரச்சினை என்றால் பார்க்க, இரண்டு சின்னப் பரிசோதனையும் உண்டு.

அந்தப் பட்டியல் 20–64காரருக்கும் பொருந்தும் என்பதுதான் எங்கள் சனத்தில் பாதிப் பேருக்குத் தெரியாத விசயம். என் மச்சானுக்கு 48 வயது. ஆறு வருசமாகச் சலரோகத்துக்கு மெட்ஃபோமின் குடிக்கிறார். கண் பார்க்கப் போன மூன்று தரமும் கைக்காசு கட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "பேப்பரில கண் வருத்தம் இருக்கோ எண்டு கேட்டிருந்தது, இல்லை எண்டு போட்டன்" என்கிறார். சீனி வருத்தம் இருந்தால், கண் நல்லாகத் தெரிந்தாலும், வருசத்துக்கு ஒரு முழுப் பரிசோதனை ஓஹிப்பில் உண்டு. விழித்திரையில் சீனி செய்கிற சேதம் தொடக்கத்தில் பார்வையில் ஒன்றும் காட்டாது. அதனால்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். வெட்கப்படாமல் போனிலேயே சொல்லுங்கள்.

போனில் நான் இப்போது கேட்கிறது மூன்று. ஓஹிப் கடைசியாக எப்போது கொடுத்தது என்று காட் இலக்கத்தை வைத்துப் பார்ப்பீர்களா? இந்த வருத்தத்துக்கு ஓஹிப்பில் போடுவீர்களா? அதற்கு மேல் ஏதும் காசு வருமா? மூன்றாவது முக்கியம். விழித்திரைப் படம் எடுக்கிறோம் என்று பல இடங்களில் தனியாகக் காசு கேட்பார்கள். நல்ல படம்தான், டொக்டர் காரணம் சொன்னால் நான் எடுப்பேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

போகும்போது மருந்துப் பெயர்கள், பழைய கண்ணாடி, ஒரு வெயில் கண்ணாடி. துளி விட்டுக் கண்மணியை விரித்தால் சில மணித்தியாலம் எல்லாம் மங்கலாக, வெளிச்சம் குத்துகிற மாதிரி இருக்கும். கார் ஓட வேறு ஆள் வேண்டும்.

பெரியாட்களோடு நீங்களும் உள்ளே போங்கள். அம்மா வலது கண்ணால் வாசித்த எழுத்து வரியை, இடது கண்ணுக்கும் தடக்காமல் சொன்னா. எனக்குச் சந்தேகம். டொக்டரிடம் வரியை மாற்றச் சொன்னேன். மாற்றினார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது தெரியேல்ல, மற்றது பாடமாக்கினது" என்றா. இடது கண்ணில் கற்றறாக்ட் (கண்புரை) நல்லாக முற்றியிருந்தது.

கண்ணாடிக்கு ஓஹிப் ஒரு சதமும் தராது. வேலையிடத்து பெனிஃபிற் இருந்தால் அது, ஓடிஎஸ்பி (மாற்றுத்திறனாளிகளுக்கான மாகாண உதவித்தொகை) எடுக்கிறவர்கள் என்றால் அந்த அலுவலகம். ஜூனியர் கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்கு மட்டும் 'ஐ சீ ஐ லேர்ன்' என்ற திட்டத்தில் ஒரு சோடி இலவசம். அதில் சேர்ந்த ஒப்டோமெட்ரிஸ்ட்டிடம் போகவேண்டும். பரிசோதனை செய்த இடத்திலேயே கண்ணாடி வாங்கவேண்டும் என்று இல்லை. பிரிஸ்கிரிப்ஷனைக் கேட்டு வாங்குங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. இரண்டு கண்மணிக்கும் இடையிலான அளவு அதில் இருக்காது. இணையத்தில் வாங்குகிறவர்கள் அதையும் அளந்து எடுங்கள், அதற்குக் காசு கேட்கலாம். பற்றுச்சீட்டை எறியவேண்டாம், கண்ணாடிச் செலவை வரிக் கணக்கில் மருத்துவச் செலவாகக் காட்டலாம்.

கற்றறாக்ட் ஒப்பரேசனும் சாதாரண லென்ஸும் முழுக்க ஓஹிப். அம்மாவைக் கொண்டு போன இடத்தில் ஒரு தாளை வைத்து, இந்த லென்ஸ் இவ்வளவு, அந்த லென்ஸ் இவ்வளவு என்று விளங்கப்படுத்தினார்கள். ஆயிரங்களில். "ஒண்டும் வாங்காட்டி?" என்று கேட்டேன். அந்தப் பெண் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அடியில் இருந்த ஒரு வரியைக் காட்டினா. அந்த வரிதான் ஓஹிப் லென்ஸ்.

அது ஒரு தூரத்துக்கு மட்டும் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள், வாசிக்கக் கண்ணாடி போடவேண்டும். அஸ்டிக்மற்றிசத்தை (கண்ணின் வளைவு சீரில்லாததால் வருகிற மங்கலை) திருத்துகிறது, கிட்டவும் தூரவும் காட்டுகிறது எல்லாம் கைக்காசு. வேண்டுமென்றால் வாங்கலாம், பிழை இல்லை. வாங்காவிட்டால் ஒப்பரேசன் செய்யமாட்டோம் என்றோ, வாங்கினால் கெதியாகத் திகதி தருகிறோம் என்றோ சொல்ல இங்கே சட்டம் விடாது. கூடுதலாக ஏதும் அளவு எடுக்கக் காசு கேட்டால், அதுவும் எந்த லென்ஸுக்கு என்று கேளுங்கள். அம்மாவிடம் கேட்டபோது, "எனக்குத் தூரத்தில வாற பஸ் நம்பர் தெரிஞ்சாக் காணும்" என்றா. பின்பக்கத்து வரியையே எடுத்தோம்.

ஒப்பரேசனுக்குப் பிறகு சில கிழமைக்குத் துளி மருந்து விடவேண்டும். 65க்கு மேற்பட்டவர்களுக்கு மாகாண மருந்துத் திட்டம் இருக்கிறது, பார்மசியில் அதே ஹெல்த் காட்டைக் காட்டினால் போதும். ஆனால் அவர்களுடைய பட்டியலில் இல்லாத துளியை எழுதியிருந்தால் முழு விலையும் உங்களுக்குத்தான். எங்களுக்கு எழுதிய இரண்டில் ஒன்று அப்படி. பார்மசிக்காரர் டொக்டருக்கு ஒரு ஃபக்ஸ் அடித்துப் பட்டியலில் உள்ளதாக மாற்றித் தந்தார். ஒப்பரேசனுக்கு முதல் நாளே அந்த மருந்துச் சீட்டைப் பார்மசிக்குக் கொண்டு போங்கள், ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிற வேலை மிச்சம்.