நாள் தள்ளிப்போனதும் செய்ய வேண்டியவை: கர்ப்பத்தின் முதல் 12 வாரங்கள்

கருவுற்ற செய்தியை மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லாமல் வைத்திருப்பது நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். உறவினருக்குச் சொல்வதைத் தள்ளிப்போடலாம். மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தையின் மூளை, தண்டுவடம், இதயம், கைகால்கள் ஆகியவற்றின் அடிப்படை அமைப்பு, நாம் பேசாமல் காத்திருக்கும் அந்த மாதங்களில்தான், பெரும்பாலும் பத்தாவது வாரத்துக்குள்ளாகவே உருவாகிவிடுகிறது.

முதலில், கடைசி மாதவிடாயின் முதல் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தின் வாரக் கணக்கு அந்த நாளில்தான் தொடங்குகிறது. கரு உண்டாவதோ ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்கும்போதே ஐந்து வாரம் ஆகியிருக்கும். குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முதல் ஸ்கேனில் தெரியும் வளர்ச்சியை வைத்தே தேதி முடிவு செய்யப்படும்.

ஃபோலிக் அமில மாத்திரையை நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் நரம்புக் குழாய் ஆறாவது வாரத்திலேயே மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாமல் போவதால் ஏற்படும் குறைபாடுகளில் பெரும்பகுதியைத் தடுக்கக்கூடியது இந்த மலிவான மாத்திரை. பலருக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்குள்ளேயே அந்தக் கட்டம் முடியும் தறுவாயில் இருப்பதால், குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்கி, 12 வாரம் முடியும்வரை தொடர வேண்டும். முருங்கைக்கீரையும் பயறு வகைகளும் நல்லவைதான், ஆனால் அவை மாத்திரைக்கு மாற்றாகா. நீரிழிவு உள்ளவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், முன்பு இத்தகைய குறைபாட்டோடு குழந்தை பிறந்தவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் அளவு தேவைப்படும் என்பதால் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை பொதுவாக நான்காம் மாதத்திலிருந்து தரப்படும்.

வீட்டில் இருக்கும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்துகள் உட்பட, முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின், சில இரத்த அழுத்த மருந்துகள், சில வலிப்பு மருந்துகள் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. அதற்காக வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் பேராபத்து. தைராய்டு மாத்திரையையும் நிறுத்தவே கூடாது. முதல் மூன்று மாதங்களில் குழந்தை தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருப்பதால், பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 12 வாரத்துக்குள் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி (PICME) எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்தப் பதிவு தேவை. இரத்தப் பிரிவு, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைத் தொடக்கத்திலேயே செய்துகொள்வது நல்லது. தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் என்றால், கணவரின் இரத்தப் பிரிவையும் பார்த்து, தாய்-சேய் இரத்தம் ஒத்துப்போகாததால் வரும் சிக்கலைத் தடுக்கும் ஊசி தேவையா என்று மருத்துவர் சொல்வார். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரையிலான ஸ்கேனைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் அதில் பார்க்கப்படும் குழந்தையின் கழுத்துப் பின்புற நீர் அளவைப் பிறகு அளக்க முடியாது.

மசக்கை ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்கு வந்து, பெரும்பாலோருக்கு நான்காம் மாதத்தில் தணியும். “இரண்டு பேருக்குச் சாப்பிடு” என்ற வற்புறுத்தலுக்கு இப்போது அவசியமில்லை. கஞ்சி, மோர், இட்லி என்று வயிறு ஏற்பதைச் சிறிது சிறிதாகச் சாப்பிட்டால் போதும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனால் அது மசக்கைதானே என்று இருந்துவிடாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இலேசான உதிரக் கசிவு பல கர்ப்பங்களில் தானே நின்றுவிடுகிறது என்றாலும், எந்தக் கசிவையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் ஆகியவை கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயில் தங்கியிருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், இரவென்றும் பாராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.