லேசான வீல் போட்டபின் வந்த நடுக்கம்: சரிசெய்த விதம்

என் கார் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. கம்பெனி வீல் 14 அங்குலம், அகலம் 5.5 அங்குலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து, காரில் பதியும் முகம் வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கும் தூரம்) 45 மி.மீ. அதற்குப் பதில் 15 அங்குலம், அகலம் 7, ஆஃப்செட் 35 உள்ள என்கெய் ஆர்பிஎஃப்1 வீல் போட்டேன். ஒன்று நாலரை கிலோகூட வராது. அகலம் 38 மி.மீ. கூடி, ஆஃப்செட் 10 குறைவதால் வீல் உள்ளே 9, வெளியே 29 மி.மீ. தள்ளி நிற்கும். 195/50 டயர் ஃபெண்டர் மடிப்பில் உரசுகிறதா என்று ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்துவிடுங்கள்.

100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கியது. இரண்டு முறை பேலன்ஸிங் செய்தும் போகவில்லை. வீலின் நடு ஓட்டை 73, அது உட்காரும் ஹப் (வீல் மாட்டும் அச்சு முனை) 54.1 மி.மீ. இடைவெளியை அடைத்த பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் இளகி, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது; அதனால் வீல் சரியாக நடுவில் உட்காரவில்லை. ட்ராக்கில் ஓட்டும் காருக்குப் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். அலுமினிய வளையம் வாங்குங்கள்.

மாட்டும்முன் ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்க்க வேண்டும். அரிசி அளவு துருப்பொருக்கு இருந்தாலும் வீல் கோணலாக உட்காரும். கூம்பு முனை எம்12-க்கு 1.5 (12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. புரி இடைவெளி) நட்டுகளை, கார் ஜாக்கியில் இருக்கும்போதே கையால் எதிரெதிராகத் திருகி, இறக்கியபின் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) 110 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். இம்பாக்ட் கன்னால் இறுக்கினால் ஒரு நட்டுக்கு ஒரு அளவு என்றாகிவிடும். முதல் ஓட்டம் முடிந்து, வீல் ஆறியபின் இறுக்கத்தை மறுபடி பாருங்கள். சூட்டோடு இறுக்கக் கூடாது.

ஒட்டும் பேலன்ஸ் எடைகள் சூட்டில் கழன்று விழும். ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டி, மேலே அலுமினிய டேப் போட்டால் நிற்கும். ஸ்போக்குகளின் பின்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் வெல்டிங் வைக்காமல் அந்த வீலை ஒதுக்கிவிடுங்கள்.