சீன் செட் வேலைக்குப் புதுசா? சங்கத்தில் சேரும் முன் இதைப் படியுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். அதே சித்திரை, வைகாசியில்தான் நம் பக்கம் ஊருக்கு ஊர் திருவிழா, விடிய விடிய நாடகம். அதனால் மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் இருந்து சீன் செட் வேலைக்கு, அதாவது காட்சி வரைந்த படுதாக்களை நாடக மேடையில் கட்டி ஏற்றி இறக்கும் வேலைக்கு, வர நினைக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நாடகச் சங்க ஆபீசுக்குப் போகாதீர்கள். போனால் "யார் செட்டில் வேலை பார்த்தாய்?" என்றுதான் கேட்பார்கள். ஒரு சீசன் ஏதாவது ஒரு சீன் செட்காரரிடம் படுதா தூக்குங்கள், கயிறு இழுங்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) எல்லாரும் தனித்தனியாக வந்து ஒத்திகை இல்லாமல் மேடையில்தான் சந்திப்பார்கள், ஆகவே காடு வரைந்த படுதாவை எப்போது இறக்குவது, தர்பார் படுதாவை எப்போது ஏற்றுவது என்று யாரும் நமக்கு எழுதித் தரப் போவதில்லை, ஆர்மோனியக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து காதால்தான் பிடிக்க வேண்டும். வலைக்கயிறு பழகிய கைக்கு முடிச்சு சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்கரை மணலில் முளை நிற்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். சாக்கில் மணலைக் கட்டிக் குழியில் புதைத்து அதில் இழுகயிற்றைக் கட்டுங்கள், காற்றுக்குப் படுதா அசையாது. இதைச் செய்து காட்டும் பையனுக்குச் சிபாரிசு செய்ய ஆள் தானாக வரும்.

சரி, இப்போது சங்கம். விண்ணப்பம், ஆதார் நகல், போட்டோ, நுழைவுக் கட்டணம், மாதச் சந்தா, இரண்டு பேர் சிபாரிசு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்று கேட்பார்கள், அது பெரிய விஷயமில்லை. பணம் கட்டும் முன் விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். தொழிற்சங்கமாகப் பதிவானதா, சொசைட்டியாகப் பதிவானதா? நடிகர்களுக்கு மட்டும் ஓட்டா, மேடைத் தொழிலாளிக்கும் உண்டா? வெளியூரில் அடிபட்டால் யார் பொறுப்பு?

கடைசிக் கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். கீழக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் அதிகாலை மூங்கில் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. செட்காரர் நோட்டில் என் பெயரே இல்லை, சங்கத்திலும் நான் அப்போது சேர்ந்திருக்கவில்லை, கட்டுப் போட்ட செலவு முழுக்க என் அம்மாவின் கம்மலில் போனது. அதனால் சொல்கிறேன், முதல் நாளே நோட்டில் பெயர் எழுதச் சொல்லுங்கள், ஊர், தேதி, கூலி மூன்றையும் உங்கள் போனிலும் குறித்து வையுங்கள்.

அப்புறம் அமைப்புசாராத் தொழிலாளிகளுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு, 16 முதல் 59 வயது வரை, இலவசம். மீனவர் நல வாரியத்தில் ஏற்கெனவே உறுப்பினர் என்றால் சங்கத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜூனில் கடலுக்குத் திரும்பினாலும் சந்தாவை விடாதீர்கள். வீட்டில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள், ரசீது வாங்கச் சொல்லுங்கள்.