ஒரு பாகம், ஒரு நோட்டு: நம்ம ஊரில் வாக்காளர் வேலையைத் தொடங்குவது எப்படி

தேர்தல் வருகிறது என்றதும் நம்ம பசங்க முதலில் செய்வது வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பது. அடுத்து அதற்கு ஒரு பேர், ஒரு லோகோ, டி-ஷர்ட் என்ன கலர் என்று மூன்று நாள் சண்டை. நாங்களும் அதைத்தான் செய்தோம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் எட்டுப் பேராக ஆரம்பித்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், குரூப்பில் கூட்டம் சேர்ந்திருந்தது, ஆனால் எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலை ஒரு தடவையாவது திறந்து பார்த்தவன் அதில் ஒருத்தன்கூட இல்லை. அந்த வெட்கத்தில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். கட்சிக்காக ஓடுகிறவர்களுக்கும் இது பயன்படும், கட்சி வேண்டாம் என்கிறவர்களுக்கும் பயன்படும். அடிவேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

"சின்னப் பசங்களுக்கு என்னப்பா அரசியல்" என்று திண்ணையில் இருந்து ஒரு குரல் வரும். சண்டைக்குப் போகாதீர்கள். நம்ம சிராவயலில், பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவானந்தம் காந்தி ஆசிரமம் நடத்தியதும், 1927-இல் காந்தியே அங்கு வந்து அவரைச் சந்தித்ததும் அந்தத் திண்ணைக்காரர்களுக்கே தெரியும். அப்போது ஜீவாவுக்கு இருபது வயசு.

முதல் படி: ஒரே ஒரு பாகத்தைப் பிடியுங்கள்

செட்டிநாடு என்று நாம் வாய் நிறையச் சொன்னாலும் தேர்தல் ஆணையத்தின் கணக்கில் அப்படி ஒரு இடம் கிடையாது. தொகுதி எண்படி காரைக்குடி 184, திருப்பத்தூர் 185 என்று சிவகங்கை மாவட்டத்தில் கொஞ்சம், ராயவரம், கோனாப்பட்டு பக்கம் போனால் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம், அது 181. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியும் பாகம் பாகமாகப் பிரிந்திருக்கும். ஒரு பாகம் என்றால் ஒரு வாக்குச்சாவடி. ஒரு சாவடிக்கு 1,500 பேர் வரை என்று இருந்ததை 2025-இல் 1,200 ஆகக் குறைத்துவிட்டார்கள். வீட்டுக்கு நாலு ஓட்டு என்று வைத்துக்கொண்டால் முந்நூறு கதவு. நாலைந்து பேர் சாயங்காலம் சாயங்காலமாகப் போனால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

தொகுதி முழுக்கச் செய்வோம் என்று யாராவது கிளம்பினால் உட்கார வைத்துவிடுங்கள். முந்நூறு கதவில் என்ன பெரிசாக மாறிவிடும் என்று கேட்டால் பழைய கணக்கைச் சொல்லுங்கள்: 2009-இல் நம்ம சிவகங்கை மக்களவைத் தொகுதியில், ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்த அவ்வளவு பெரிய இடத்தில், ப. சிதம்பரம் ஜெயித்தது 3,354 வாக்கு வித்தியாசத்தில். 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் 137. எங்கள் ஊரில் 137 ஓட்டு என்பது ஒன்றரைத் தெரு.

இரண்டாம் படி: பட்டியலை உட்கார்ந்து படியுங்கள்

இங்கேதான் முக்கால்வாசி வேலை இருக்கிறது, இதைத்தான் யாரும் செய்வதில்லை. தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் மாவட்டம், தொகுதி, பாகம் தேர்ந்தெடுத்தால் பிடிஎஃப் இறங்கும். படம் இருக்காது, பெயர், உறவினர் பெயர், வீட்டு எண், வயது, அடையாள அட்டை எண் இருக்கும். பிரிண்ட் எடுங்கள், போனில் பார்த்தால் வேலைக்கு ஆகாது. கடைசிப் பக்கங்களில் சேர்த்தது, நீக்கியது எல்லாம் துணைப்பட்டியலாக வரும், அதை விட்டுவிடாதீர்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலிலேயே 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் போயிருந்தன. அதில் செத்தவர் உண்டு, ஊரை விட்டுப் போனவர் உண்டு, இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர் உண்டு. படிவம் கொடுக்க வந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாததால் விடுபட்டவரும் உண்டு. ஆக, 'என் பேரு போன தடவை இருந்துச்சு' என்பதை நம்பி யாரையும் விடக்கூடாது.

அப்புறம், ஊர் விவரம் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டி வந்து, ஒருத்தர் பெயரை வாசிக்க அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு சாயங்காலம் அப்படி உட்கார்ந்தோம். "இவ கல்யாணம் ஆகி அறந்தாங்கி போயிட்டா." "இவரு தவறி மூணு வருசம்." "இவன் சிங்கப்பூர்ல." டீ செலவு மட்டும்தான்.

நம்ம பக்கத்துக்கே உரிய சிக்கல் இரண்டு. ஒன்று, வீட்டு எண். வெளியூர்க்காரருக்கு இது புரியாது: நம்ம பெரிய வீடுகளின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், வளவு (உள்முற்றம்), கட்டு (வீட்டின் அடுத்தடுத்த பகுதி) எல்லாம் தாண்டிப் போனால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். பங்காளிகள் பிரிந்த பிறகு பின்பக்கம் இருப்பவர் பின்தெருவைத்தான் முகவரியாகச் சொல்வார். எங்கள் பாகத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்த அம்மாவும் மகளும் இரண்டு தெருவில், நூறு வரிசை எண் தள்ளித் தள்ளி இருந்தார்கள். தேடிப் பார்த்துவிட்டு "பேரு இல்லை" என்று அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே ஒரு தெருவில் பெயர் கிடைக்கவில்லை என்றால் பின்தெருவையும் பாருங்கள்.

இன்னொன்று பூட்டிய வீடு. வருசத்தில் ஒரு தடவை படைப்புக்கோ (முன்னோருக்குப் படைக்கும் குடும்பக் கும்பிடு) கல்யாணத்துக்கோ திறப்பார்கள், மற்ற நாளில் சாவி காவல்காரர் இடுப்பில். அந்த வீட்டில் ஏழு பெயர் பட்டியலில் இருக்கும். சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் அந்த இடத்து வாசி ஆகிவிட மாட்டார் என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. கொஞ்ச காலம் வெளியே போயிருப்பதால் மட்டும் உரிமை போய்விடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதில் எந்தப் பக்கம் யார் என்று முடிவு செய்வது அதிகாரியின் வேலை, நம்முடையது இல்லை. கோபத்தில் கட்டுக்கட்டாகப் படிவம் 7 போட்டு நீக்கச் சொல்லாதீர்கள். தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டு, சென்னையில் பெயர் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள், போதும். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கக் கூடாது என்பதே பலருக்குத் தெரியாது.

மூன்றாம் படி: நாலு படிவம்

படிவம் 6 புதிதாகச் சேர. படிவம் 6ஏ வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கு. ஆனால் ஓட்டுப் போட பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும், சிங்கப்பூர் மாப்பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 7 நீக்க. 8 என்பது முகவரி மாற்றம், பிழை திருத்தம், தொலைந்த அட்டை எல்லாவற்றுக்கும்.

எல்லாரும் சறுக்குகிற இடம், கல்யாணமாகி வந்த பெண்களுக்கு மறுபடியும் படிவம் 6 போடுவது. அவர்களுக்கு ஏற்கெனவே பிறந்த ஊரில் பெயர் இருக்கும். 8 போட்டால் பெயர் இங்கே மாறும். 6 போட்டால் இரட்டைப் பதிவு ஆகிக் கடைசியில் இரண்டு இடத்திலும் போனாலும் போகும்.

வயசு விஷயம்: முன்பு ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். 2022-இல் இருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நாலு மாதத்தின் முதல் தேதிகளும் கணக்கு. 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பம் போடலாம். கல்லூரி விடுதியில் இருப்பவர்கள் விடுதி முகவரியிலும் சேரலாம், வீட்டு முகவரியிலும் சேரலாம், ஏதாவது ஒன்று. தேர்தல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் என்று சொல்வார்களே, அதற்குச் சுமார் பத்து நாளுக்கு முன்பே படிவம் உள்ளே போயிருக்க வேண்டும்.

போனிலேயே தேர்தல் ஆணையத்தின் செயலியில் போட்டுவிடலாம். சந்தேகம் என்றால் 1950 என்ற உதவி எண்ணுக்கு போன் போடுங்கள். நாங்கள் ஆர்வத்தில் ஒரு கட்டுப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வந்தோம், மொத்தமாக ஒருவர் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். அவரவர் கொடுக்க வேண்டும், குடும்பத்தில் ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கலாம். உங்கள் பாகத்து பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) யார் என்று கண்டுபிடித்துப் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கன்வாடி அக்காவோ பள்ளிக்கூட டீச்சராகவோ இருப்பார், சொந்த வேலைக்கு நடுவில் இதையும் இழுத்துக்கொண்டு அலைகிற மனுசி. அவரிடம் அதிகாரம் பண்ணினால் உங்கள் வேலை அங்கேயே நின்றுவிடும்.

நாலாம் படி: கதவைத் தட்டுவது

இரண்டு இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருந்தால் உள்கட்டு வரை பேச்சு போகும். காலை பத்து மணிக்குப் போனால் பெண்கள் கண்மாயில் நூறு நாள் வேலையில் இருப்பார்கள், சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் சரியான நேரம். ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் பட்டறை ஆட்களைப் பிடிக்க வேண்டும் என்றால் வீட்டுக்குப் போகாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்கே போய்விடுங்கள்.

கூப்பிடுவதில் கவனம். நகரத்தார் வீட்டுப் பாட்டி ஆச்சி, பக்கத்துத் தெருவில் அதே வயசுப் பாட்டி அப்பத்தா. மாற்றிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டார்கள், ஆனால் நீங்கள் வெளியாள் ஆகிவிடுவீர்கள். என்னை ஒரு ஆச்சி முகப்பிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டது இது:

"யாரு வீட்டுப் புள்ள நீ?"

சொன்னேன். அப்பா பேர், தாத்தா பேர், எந்த வீடு, எல்லாம்.

"எந்தக் கட்சிக்கு வந்துருக்க?"

"கட்சி இல்லை ஆச்சி, பேரு பட்டியல்ல இருக்கான்னு பாக்க வந்தோம்."

"இருக்கு போ. நான் நேரு காலத்துல இருந்து போடுறேன்."

பிரிண்டைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி, விரலை வைத்து வரி வரியாகத் தேடி, தன் பெயரைக் காணாமல், செத்துப்போன கொழுந்தன் பெயரைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம்தான் உள்ளே கூப்பிட்டுச் செம்பில் தண்ணீர் கொடுத்தார். எந்தப் பிரசங்கமும் செய்யாதீர்கள். 'ஜனநாயகக் கடமை' என்ற வார்த்தையைத் தவிர்த்துவிடுங்கள், அது வாசலில் நிற்கிறவனைப் பேச்சுப்போட்டிக்கு வந்தவன் ஆக்கிவிடும். காகிதத்தைக் காட்டுங்கள். யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள், கட்சிக்காரராக இருந்தாலும் முதல் தடவை கேட்காதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். வரிசை எண், பெயர், என்ன வேலை பாக்கி, எந்தத் தேதி, அவ்வளவுதான். சாதி எழுத வேண்டாம், கட்சி எழுத வேண்டாம். ஆதார் படத்தை குரூப்பில் போடவே கூடாது. நாங்கள் போட்டோம், ஒரு அண்ணன் விஷயம் தெரிந்து, எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்து அவரவர் போனில் அழிக்கச் சொன்னார். நியாயம்தான். விண்ணப்பதாரர் போனிலேயே ஏற்றச் சொல்லுங்கள், உங்கள் போனுக்கு எதுவும் வர வேண்டாம்.

ஐந்தாம் படி: வேட்பாளரைக் கேள்வி கேட்பது

பெயர் சேர்ப்பதோடு நின்றுவிட்டால் சலித்துவிடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராமசபைகளுக்குப் போய் உட்காருங்கள். தண்ணீர், பஸ், கண்மாய்க் கருவேலம் என்று அங்கே வருகிற புகார்களில் மூன்றை எடுத்து, வேட்பாளர்கள் வரும்போது எல்லாரிடமும் அதே மூன்றைக் கேளுங்கள். வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரம் வேட்புமனுவோடு சேர்ந்த பிரமாணப் பத்திரத்தில் இருக்கும், தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் பார்க்கலாம். அதில் இருப்பதை அப்படியே டீக்கடையில் வாசித்தால் போதும், உங்கள் கருத்தைச் சேர்க்க வேண்டியதில்லை. வேட்பாளர் சம்பந்தமாக நோட்டீஸ் அடித்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருந்தே ஆக வேண்டும்.

கடைசிப் படி: ஓட்டு நாள்

85 வயசு தாண்டியவர்களும் 40 சதவீதம் அதற்கு மேல் ஊனமுள்ளவர்களும் வீட்டில் இருந்தே போடலாம், படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வந்து ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் உங்கள் நோட்டில் அவர்கள் பெயர் முன்பே தனியாக இருக்கட்டும். எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு சாவடிக்குப் போய்ப் போட முடியாது, அதையும் சொல்லிவிடுங்கள். சில பெரியவர்களுக்கு வரிசையில் நின்று மை வைத்துக்கொள்வதுதான் சந்தோஷம்.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரச்சாரம் நின்றுவிடும். அன்று சாவடியில் இருந்து நூறு மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. வேட்பாளர் தரப்பு வாக்காளர்களை ஏற்றிவர வண்டி பிடிப்பது சட்டப்படி ஊழல் நடைமுறை. கட்சி சாராதவர் என்றாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். நாலு அப்பத்தா சேர்ந்து அவரவர் காசு போட்டு ஷேர் ஆட்டோவில் வந்தால் தவறில்லை. திருப்பூர், கோயம்புத்தூர், சென்னையில் வேலை செய்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதை ஒரு வாரம் முன்பே போனில் சொல்லுங்கள், அப்போதுதான் பஸ் கிடைக்கும்.

அன்று நீங்கள் நிற்க வேண்டிய இடம் நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம். கையில் பிரிண்ட், பேனா. பெயர் தேடி வருகிறவர்களுக்கு வரிசை எண்ணைச் சொல்லுங்கள். அட்டை இல்லை என்று திரும்புகிறவரிடம் ஆதார், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய பாஸ்புக் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், பட்டியலில் பெயர் இருந்தால் அதைக் காட்டிப் போடலாம். பட்டியலிலேயே பெயர் இல்லாமல் திரும்புகிறவர்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எங்களுக்கு அந்தப் பக்கம் மதியத்துக்குள் நிரம்பிவிட்டது. முடிவு வந்த மறு வாரம் அந்தப் பக்கத்தில் இருந்துதான் மறுபடி ஆரம்பித்தோம், முதல் பெயருக்குப் படிவம் 6, இரண்டாவதற்கு 8.